பாகெல் அம்மாவின் கை

ரோஸ்வித்தா பாகெல் இருபத்தாறு வருடம் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். ஸாலே ஆற்றங்கரையில் அப்போது ஒரு பல்புத் தொழிற்சாலை இருந்தது. ஓடும் பட்டையில் வரிசையாக வரும் கண்ணாடிக் குமிழ்களில் கீறல் விழுந்ததையும் கோணலானதையும் எடுத்துத் தொட்டியில் போடுவது அவர் வேலை. "கண்ணால பாக்கிறவ நேத்து சேந்தவ. பழகினவளுக்குக் கையே பாத்துக்கும்" என்பார். இரண்டு ஜெர்மனியும் ஒன்றானதும் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். கையை மூட யாருக்கும் அதிகாரம் இல்லாததால் அது எங்கள் கட்டடத்தின் பக்கம் திரும்பியது.

ஒன்பது குடித்தனம். மாடிப்படியைக் கூட்டித் துடைக்கும் முறை வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். யார் முறையோ அவர் கதவில் ஒரு மரப்பலகை தொங்கும். பலகை தொங்கியும் படி துடைக்கவில்லையென்றால் திங்கட்கிழமை காலை கீழ்வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கும். காகிதக் குப்பையில் பிளாஸ்டிக் கலந்தால் ஒன்று. ஞாயிறு மதியம் சுவரில் ஆணி அடித்தால் ஒன்று. லாரி ஓட்டி ஓய்வு பெற்ற கீழ்வீட்டு கெர்னோட் வுட்கே மாடிப்படிக்கு அடியில் சைக்கிளைச் சாத்தி வைப்பதைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்து முப்பதுக்கு மேல். சிவப்பு மை, அச்சடித்த மாதிரி எழுத்து. கையெழுத்து இருக்காது, தேவையும் இல்லை.

இதனால் அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. நான் அவருக்கு எதிர்வீடு. எனக்கு நிமோனியா வந்தபோது பத்து நாள் சூப் கொண்டுவந்து கொடுத்தார். பதினோராம் நாள், பாத்திரத்தை நான் திருப்பித் தரவில்லை என்று அறிவிப்பு ஒட்டினார்.

அவர் கணவர் எக்கெஹார்ட் வாயே திறக்காத மனிதர். மனைவி எல்லாவற்றையும் எழுதி ஒட்டிவிடும்போது அவர் பேசுவதற்கு என்ன இருக்கிறது. காலை ஏழு மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்து முதல் சிகரெட்டைப் பற்ற வைப்பார். பற்றிய அதே நொடியில் பாகெல் அம்மாவின் கை ஜன்னல் கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பும். எங்கள் ஜன்னல்கள் அப்படித் திருப்பினால் முழுக்கத் திறக்காது. மேல் விளிம்பு மட்டும் உள்பக்கம் சாயும். மேலே ஒரு சாண் இடைவெளி, கீழே வர வர ஒன்றுமில்லை. புகை போகும், மழை வராது, திருடன் வரமாட்டான். இந்த நாட்டில் கடவுளை நம்பாதவர் உண்டு, காற்றோட்டத்தை நம்பாதவர் கிடையாது. எக்கெஹார்ட் நுரையீரல் கெட்டு இறந்த பிறகும் ஏழு மணிக்கு அந்த ஜன்னல் சாய்ந்தது. புகை இல்லாவிட்டால் என்ன, கைக்கு அது தெரியுமா?

அவர் இறந்து மூன்றாம் வருடம், அவருடைய கம்பளிகளைக் கொடுக்க பாகெல் அம்மா ஊர் எல்லையில் இருந்த விலங்குக் காப்பகத்துக்குப் போனார். அங்கே பழைய கம்பளி வாங்கிக்கொள்வார்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பியிருக்கலாம். ஆனால் பூனை அறையின் கதவில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது கையில் தட்டுப்பட்டது. சொல்ல உள்ளே போனார்.

உள்ளே எல்லாப் பூனைகளும் வருகிறவர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒன்று மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம், கிழிந்த காது, ஒன்பது வயது. அட்டையில், "பெயர்: ஊவே. பதினோரு மாதமாக இங்கே இருக்கிறான். தொட்டால் பிடிக்காது. குழந்தைகளும் வேறு விலங்குகளும் இல்லாத வீடு தேவை."

"ஊவேன்னு மனுஷனுக்கில்ல பேர் வைப்பாங்க?" என்றார் பாகெல் அம்மா.

"என் முதல் புருஷன் பேரு. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி" என்றாள் காப்பகத்தை நடத்தும் யுட்டா க்ரோனெர்ட். "இவன் பரவால்ல, மணல் பொட்டியிலயாவது ஒழுங்கா போறான்."

"யாரையும் திரும்பிப் பாக்கறதில்லையா?"

"பாத்தா கூட்டிட்டுப் போயிடுவாங்களோன்னு பயம்."

"நியாயமான பூனை" என்றார் பாகெல் அம்மா.

காப்பகத்திலிருந்து பூனையை எடுப்பது இங்கே பெண் எடுப்பதைவிடக் கஷ்டம். நான்கு பக்கக் கேள்வித்தாள், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம், பிறகு வீட்டைச் சோதிக்க ஆள் வரும். எல்லோரும் அலுத்துக்கொள்ளும் இந்த நடைமுறை பாகெல் அம்மாவுக்குத் தேனாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரைவிடக் கறாரான ஒரு கூட்டத்தைச் சந்தித்திருந்தார். பால்கனிக்கு வலை கட்ட வுட்கேயைக் கூப்பிட்டார். அவர் ஏணியில் நின்றுகொண்டு, "பூனையை உள்ள வைக்கிறதுக்கா இது, உங்கள உள்ள வைக்கிறதுக்கா?" என்று கேட்டார்.

"பேசாம கட்டுங்க வுட்கே சார். அந்த முடிச்சு கோணல்."

சோதனைக்கு க்ரோனெர்டே வந்தாள். சாயும் ஜன்னல்களில்தான் அவள் கண். சாய்ந்த ஜன்னலின் மேல் இடைவெளி வழியாகப் பூனை வெளியே போகப் பார்க்கும், வழுக்கும், கீழே குறுகும் சந்தில் இடுப்பு சிக்கும், துள்ளத் துள்ள இன்னும் இறங்கும். அதனால் பக்கவாட்டில் கம்பித் தடுப்பு போட வேண்டும் என்பது ஒப்பந்தம். கூடத்திலும் படுக்கையறையிலும் போட்டாயிற்று. சமையலறையில் மட்டும் வெந்நீர்க் கொதிகலன் ஜன்னல் சட்டத்தை ஒட்டி இருந்ததால் கம்பி உட்காரவில்லை.

"அளவு கொடுத்துத் தனியா செய்யணும். ஒரு மாசம் ஆகும்" என்றாள் க்ரோனெர்ட்.

"எதுக்கு? சாய்க்கக் கூடாதுன்னா சாய்க்க மாட்டேன். எனக்கு ஒரு தடவை சொன்னா போதும்."

அதையும் ஒப்பந்தத்தில் எழுதி, பாகெல் அம்மா கையெழுத்துப் போட்டார். கைப்பிடியில் சிவப்பு மையில் ஒரு சீட்டு ஒட்டினார்: "சாய்க்காதே!" அவர் தமக்குத்தாமே ஒட்டிக்கொண்ட முதல் அறிவிப்பு அதுதான்.

ஊவே வந்த அன்று வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போனவன் நாற்பத்திரண்டு நாள் வெளியே வரவில்லை. தட்டு காலியாகும், மணல் பெட்டி நிறையும், ஆள் மட்டும் கிடையாது. பாகெல் அம்மா தினமும் மாலை மெஷினுக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து அவனிடம் நாட்டு நடப்பு சொல்வார். "நீங்க சாப்பிட்டீங்களா? மீன் பிடிக்கலைன்னா சொல்லுங்க." எங்களிடம் இருக்கும் அதே பன்மை. பத்தொன்பது வருடமாக எதிர்வீட்டில் இருக்கும் நானே அவருக்கு இன்னும் "நீங்க"தான்; பூனைக்கு மட்டும் எப்படி எடுத்தவுடன் ஒருமை கிடைக்கும்?

நாற்பத்து மூன்றாம் நாள் ஏழு மணிச் செய்தி ஓடும்போது ஊவே வந்து எக்கெஹார்டின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாகெல் அம்மாவைப் பார்த்தான். அவர் அசையவில்லை. வானிலை முடிந்து படம் ஒன்று முழுதாக ஓடி முடியும்வரை அசையவில்லை. மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் என்னிடம் தைலம் கேட்டு வந்தார். "செய்தி பாக்கிற பழக்கம் இருக்கு அவருக்கு. நல்ல வீட்ல வளந்தவர் போல" என்றார். முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. எழுபது வயதுக்கு மேல் அது எங்கிருந்து வருகிறதோ!

புத்தாண்டுக்கு மறுநாள் அவரும் ஊவேயும் மரியாதையை விட்டு ஒருமைக்கு மாறினார்கள். இங்கே அதற்குக் குடித்துக் கை குலுக்க வேண்டும். அவர் ஒரு சின்னக் கண்ணாடிக் கோப்பையில் முட்டை மது ஊற்றிக்கொண்டார், அவனுக்குச் சூரை மீன் டப்பாவின் தண்ணீர். "நான் ரோஸ்வித்தா" என்று சொன்னாராம். "அவன் என்ன சொன்னான்?" என்று வுட்கே விடாமல் கேட்டதற்கு, "உங்கள விட நாகரிகமா நடந்துக்கிட்டான்" என்றார்.

பிப்ரவரியில் நடந்ததை நாங்கள் இன்றும் பேசுகிறோம். பாகெல் அம்மாவின் கதவில் பலகை தொங்கியது, படி துடைக்கப்படவில்லை. திங்கட்கிழமை மற்ற எட்டு வீட்டுத் தபால் பெட்டியிலும் ஒரு சீட்டு: "சென்ற வாரம் படி துடைக்காததற்கு வருந்துகிறேன். சனிக்கிழமை பூனை மடியில் இருந்தது." வுட்கே அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார். அந்தக் குளிர்காலம் முழுவதும் கீழ்வாசலில் ஒரு அறிவிப்பும் இல்லை. சைக்கிள் மாடிப்படிக்கு அடியிலேயே சுகமாக இருந்தது. "இந்தப் பூனைக்கு நகராட்சி ஒரு மெடல் குடுக்கணும்" என்பார் வுட்கே.

அவன் எதுவும் செய்துவிடவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். அவர் உருளைக்கிழங்கு சீவினால் எதிரே உட்கார்ந்து பார்ப்பான். குளித்தால் கதவுக்கு வெளியே காத்திருப்பான். செய்தி நேரத்தில் தலையை அவர் உள்ளங்கையில் முட்டி வைத்துக்கொள்வான். குறையைத் தேடியே தேய்ந்த அந்தக் கை கிழிந்த காதின் ஓரமாக மேலும் கீழும் போகும். ஒன்றையும் எடுத்துத் தொட்டியில் போடாது.

புனித வெள்ளி வந்தது. ஈஸ்டருக்கு முன் எல்லா வீடும் ஜன்னல் கழுவும், அவரும் கழுவினார். சமையலறைக் கைப்பிடியில் ஒட்டியிருந்த சீட்டு நனைந்துவிட்டது. உரித்துப் போட்டார். மதியத்துக்கு மேல் புதிதாக, இன்னும் அழகாக எழுதி ஒட்டுவதாக நினைத்தார். அன்றைக்கு மீன்தான். எண்ணெய் கொஞ்சம் அதிகம் காய்ந்து சமையலறை புகைந்தது. சமையலறையில் புகை, கால் நூற்றாண்டாக அதற்கு ஒரே ஒரு பதில்தான். கை திருப்பியது. அவர் மீனைத் திருப்பிப் போட்டு அடுப்பை அணைத்துவிட்டு, நிலவறையிலிருந்து உருளைக்கிழங்கு எடுத்து வரக் கீழே போனார்.

கீழே, போதாக்குறைக்கு, சைக்கிள் கண்ணில் பட்டது. பண்டிகைக்கு விருந்தினர் வருவார்களே, அன்றாவது அதை எடுத்து வைக்கக் கூடாதா என்று வுட்கேயின் கதவைத் தட்டினார். வீட்டு விதி நான்காம் பிரிவு பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். விதியைப் பற்றிய பேச்சில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாயிற்று என்று வுட்கே பிறகு சொன்னார்.

அலறல் கேட்டு நான் ஓடியபோது கதவு விரியத் திறந்திருந்தது. பாகெல் அம்மா ஜன்னல் முன் நின்றிருந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தார். "நீங்க எடுங்க, நீங்க எடுங்க. என் கை வேண்டாம்." ஊவே சந்தில் தொங்கிக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது. சத்தமே போடவில்லை, அவன் எப்போதும் போடமாட்டான். அவனை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்துத்தான் எடுக்க முடிந்தது. பின்கால்கள் ஈரத்துணி போலத் தொங்கின.

விடுமுறை நாளில் திறந்திருந்த ஒரே கால்நடை மருத்துவமனைக்குக் காரை ஓட்டினேன். எக்கெஹார்டின் கம்பளி ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது. அதில் சுற்றி மடியில் வைத்திருந்தார். மருத்துவர் இளம்பெண். "இடுப்புக்குக் கீழ ரத்தம் ஓடாம இருந்திருக்கு. உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். எவ்ளோ நேரம் மாட்டியிருந்தான்?"

"நான்காம் பிரிவு பேசி முடிக்கிற நேரம்" என்றார் பாகெல் அம்மா. மருத்துவருக்குப் புரியவில்லை. நான் இருபது நிமிடம் என்றேன்.

ஈஸ்டர் திங்கள் அன்று அவர் கடிதம் எழுதினார். காப்பகத்துக்கு. ஒப்பந்தத்தின் ஆறாவது ஷரத்தை இன்ன தேதி, இன்ன நேரத்தில் மீறினேன், விளைவு இது, நடவடிக்கைக்குக் காத்திருக்கிறேன். இந்தத் தடவை கீழே கையெழுத்து இருந்தது. தபாலில் போடப் போனவரை வுட்கே வாசலிலேயே மறித்தார்.

"ஏம்மா, பைத்தியமா உங்களுக்கு? பூனையைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க. யாருக்குத் தெரியப் போவுது? அவன் போய்ச் சொல்லுவானா?"

"எனக்குத் தெரியுமே."

"உங்களுக்குத் தெரிஞ்சா உங்களோட இருக்கட்டும்!"

"முப்பது சீட்டு உங்களுக்கு ஒட்டியிருக்கேன் வுட்கே சார். எனக்கு ஒண்ணு ஒட்டலைன்னா எப்படி?"

க்ரோனெர்ட் புதன்கிழமை வந்தாள். கடிதத்தை மேசையில் போட்டாள், அவளுக்குக் கோபம். "இத எதுக்கு எழுதினீங்க? எழுதலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப தெரியாத மாதிரி நான் இருக்க முடியாது." ஊவேக்குத் தினம் மூன்று வேளை வயிற்றை அமுக்கி மூத்திரம் எடுக்க வேண்டும், காலுக்கு லேசான மின்சாரச் சிகிச்சை கொடுக்க வேண்டும், காப்பகத்தில் அதற்குப் பழகிய ஆட்கள் இருந்தார்கள். அதற்காகவும் அவனைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனாள். தண்டனையா சிகிச்சையா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பாகெல் அம்மா தண்டனை என்றே எடுத்துக்கொண்டார். அதில்தான் அவருக்கு ஆறுதல்.

கால்கள் திரும்பின. அவசரமே இல்லாமல், ஒன்றன் பின் ஒன்றாக. ஜூன் கடைசியில் கப்பலில் நடக்கிறவன் மாதிரி ஆடி ஆடி நடந்தான். க்ரோனெர்ட் தொலைபேசியில் கூப்பிடவில்லை, நேரே வந்தாள். நான் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"வந்து கூட்டிட்டுப் போங்க பாகெல் அம்மா. இந்த ஜன்னலுக்கும் அளவெடுத்துக் கம்பி செஞ்சிடலாம். விதி நான் போட்டது, நானே சொல்றேன்."

பாகெல் அம்மா கையை மேசை மேல் வைத்து, யாருடையதையோ பார்ப்பது போலப் பார்த்தார். "ஜன்னலுக்குக் கம்பி போடலாம். அடுப்பு இருக்கு, மெஷின் கதவு இருக்கு, கொதிக்கிற தண்ணி இருக்கு. இந்தக் கைக்கு எந்தக் கம்பியப் போடுவீங்க? நான் திருப்பினது எனக்கே தெரியலையே. தெரிஞ்சு செஞ்சிருந்தா இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லலாம்."

"அவன் உங்களத் தேடறான்."

பாகெல் அம்மா எழுந்து போய், மூடியிருந்த ஜன்னலை மூடியிருக்கிறதா என்று பார்த்தார்.

பூனையை வேண்டாம் என்றவர், வியாழக்கிழமைதோறும் பேருந்து பிடித்துக் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்தார். பூனைகளைத் தடவிக் கொடுக்க மட்டும் அங்கே ஆட்கள் வருவதுண்டு, அவர்களுக்கு அடையாள அட்டை கொடுப்பார்கள். எல்லாப் பூனைக்கும் சமமாகப் பத்துப் பத்து நிமிடம் என்று அவர் கடிகாரம் வைத்துத் தடவினாராம். ஊவேக்கு மட்டும் கடிகாரம் நின்றுவிடும் என்று க்ரோனெர்ட் சொன்னாள். வீட்டிலோ தட்டும் மணல் பெட்டியும் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்தக் கோடை எரித்த எரிப்பில் ஊரெல்லாம் ஜன்னலைச் சாய்த்துக் கிடந்தபோது அவர் சமையலறை மட்டும் இறுக மூடியிருந்தது. மூலையில் பூஞ்சணம் பூத்தது. பூஞ்சணத்தைவிட வீட்டுக்கு மோசமான பெயர் எங்கள் ஊரில் கிடையாது. "திறக்கலாமே" என்றேன். "அவன் சாமான் இன்னும் இங்கதான இருக்கு" என்றார்.

செப்டம்பரில் ஒரு தம்பதி ஊவேயைக் கேட்டார்கள். லிண்டிக் என்று பெயர்; இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் தரைத்தள வீடு. வீட்டைச் சோதிக்க க்ரோனெர்ட் வேண்டுமென்றே பாகெல் அம்மாவை அனுப்பினாள். காரோட்டி நான். புறப்படும்போது என்னைத் தனியே இழுத்து, "ஒரு சின்னக் குறை போதும். எழுதினாங்கன்னா நான் அவங்களுக்குக் குடுக்க மாட்டேன். அப்புறம் இவங்க எடுத்துத்தான் ஆகணும்" என்றாள். சதிக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் அவள் கெட்டிக்காரி. குறை கண்டுபிடிக்க இவரைவிட யார் இருக்கிறார்?

பாகெல் அம்மா அந்த வீட்டில் ஒன்றரை மணி நேரம் தேடினார். நான் கூடவே போனேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுக் கையால் பார்த்தார். பதினொரு ஜன்னல். ஒவ்வொன்றையும் சாய்த்து, கம்பியில் விரல் விட்டு, திருகாணியை நகத்தால் நெம்பினார். கழிவறையின் குட்டி ஜன்னலிலும் கம்பி. நிலவறையின் தூசி படிந்த துவாரத்திலும் கம்பி. மருந்து அலமாரிக்குப் பூட்டு. வேலியில் ஒரு பலகை ஆடுகிறதா என்று மண்டியிட்டுப் பார்த்தார்; ஆடவில்லை. லிண்டிக் அம்மாள் பிளம்ஸ் கேக்கை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "ஒரு துண்டு எடுத்துக்கங்களேன்." "வேலை முடியட்டும்" என்றார் இவர்.

கடைசியில் சமையலறை மேசையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். கடைசி வரியில் இரண்டு கட்டம்: பொருத்தம், பொருத்தமில்லை. பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் இருந்தார். எனக்கு வாய் வரை வந்தது, க்ரோனெர்ட் சொன்னதைச் சொல்லிவிடலாமா என்று. அவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கும். கை நகர்ந்தது. முதல் கட்டத்தில் குறி போட்டார்.

"ஏழு மணிக்கு அவனுக்கு செய்தி பாக்கணும்" என்றார் லிண்டிக் அம்மாளிடம். "அவன் டிவியப் பாக்க மாட்டான், உங்களத்தான் பாப்பான். ஆனா போடலைன்னா கோவிச்சுக்குவான். கொஞ்ச நாள் நீங்கன்னே கூப்பிடுங்க. ஒருமையில கூப்பிடறதெல்லாம் அவனா சரின்னு சொன்னப்புறம்."

அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பாகெல் அம்மா கேக்கை எடுத்துக் கடைசித் துணுக்கு வரை சாப்பிட்டார்; நன்றாக இருக்கிறது என்றார்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்த பிறகு, "தொழிற்சாலையில ஒரு நாள் முழுக்கக் குறையே கிடைக்கலைன்னா மேற்பார்வையாளர் வந்து நிப்பார். தூங்கிட்டியான்னு கேப்பார்" என்றார். இன்னும் கொஞ்சம் போனதும், "நான் தூங்கல. நீங்க பாத்தீங்கல்ல? ஒண்ணுகூட இல்ல" என்றார். பாத்தேன் என்றேன். அவர் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார், குளிருகிறவர் போல.

ஊவே சனிக்கிழமை லிண்டிக் வீட்டுக்குப் போனான். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குப்பை போட முற்றத்துக்கு இறங்கினேன். வுட்கே அங்கே நின்று சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டாம் மாடியில் பாகெல் அம்மாவின் சமையலறை ஜன்னல் மேலே ஒரு சாண் சாய்ந்திருந்தது.

"போயிட்டானா?" என்றார் வுட்கே.

"நேத்து."

அவர் எண்ணெய்க் குப்பியை மூடினார். அறிவிப்பு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கி நிலவறைப் படியில் இறக்கிக்கொண்டு போனார்.